இருபத்துநாலு தொட்டி ஸ்ட்ராபெரி

போன வாரம் முதலாளி போன் செய்தார். வீடு வீடாகப் போய்ச் செடி பார்க்கும் பிரிவுக்குப் புதிதாக ஆட்கள் சேர்ந்திருக்கிறார்களாம். நான் நர்சரிக்கு வந்து அவர்களிடம் ஒரு மணி நேரம் பேச வேண்டுமாம். ஒரு மணி நேரம் பேசினால் எனக்கு இருமல் வரும். எழுதித் தருகிறேன் என்றேன். இதுதான் அது.

மண் கலப்பது, தொட்டியில் துளை போடுவது, எந்தப் பூச்சிக்கு எந்த மருந்து என்பதெல்லாம் இரண்டு மாதத்தில் உங்களுக்கே கைவந்துவிடும். வராவிட்டால் போனில் பார்த்துக்கொள்ளலாம். நான் எழுதப்போவது ஒரு வீட்டைப் பற்றி. அந்த வீட்டில் நான் தப்பு மேல் தப்பாகச் செய்தேன். அதில் பெரிய தப்பை ரொம்ப நல்ல எண்ணத்தோடு செய்தேன்.

நம் நர்சரியில் முதன்முதலாக ஸ்ட்ராபெரி நாற்று இறக்கிய வருடம் அது. மலையிலிருந்து வந்த நாற்று. ராஜபாளையத்து வெயிலுக்கு அது தாங்குமா என்று முதலாளி என்னிடம் கேட்டார். புரட்டாசிக் கடைசியில் வைத்தால் பனிக்காலம் முழுவதும் நிற்கும் என்றேன். அதற்குப் பிறகு என்ன ஆகும் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

வாங்க வந்தவர்கள் ஒன்று, இரண்டு என்று எடுத்துப் போனார்கள். ஞானராஜ் அண்ணாச்சி மட்டும் இருபத்துநாலு கேட்டார்.

அண்ணாச்சிக்கு அப்போது அறுபத்தெட்டு வயது இருக்கும். சத்திரப்பட்டிப் பக்கம் பேண்டேஜ் துணி நெய்யும் தறிக்கூடம் வைத்திருந்தார். வீடு ராஜபாளையத்தில். அதிகம் பேச மாட்டார். தறிச் சத்தத்திலேயே வாழ்ந்தவர்களில் சிலர் கத்திப் பேசுவார்கள், சிலர் பேசுவதையே விட்டுவிடுவார்கள். இவர் இரண்டாவது வகை.

"மொதல்ல நாலு தொட்டி வச்சுப் பாருங்க அண்ணாச்சி" என்றேன்.

"இருபத்துநாலு குடுங்க."

"எங்க வைக்கப் போறீக?"

"மொட்டை மாடியில."

"கீழ எடம் இருக்கா? இருந்தா தண்ணி ஊத்த வசதி."

"இருக்கு. மாடியிலயே வைங்க."

ஏன் என்று நான் கேட்கவில்லை. இருபத்துநாலு தொட்டி வாங்குகிறவரிடம் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. இந்த இடத்தில் நீங்கள் ஒரு அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள்.

தொட்டிகளை அடுக்க நான் அந்த வீட்டுக்குப் போன அன்று, மாடியில் தண்ணீர்த் தொட்டி நிழலில் ஒரு நாற்காலி கிடந்தது. தொட்டி வருகிறதென்று மாடி ஏறி வந்து, அதில் அண்ணாச்சியின் மனைவி எஸ்தரம்மா உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு கைத்தடி. ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருடம் தினமும் பஸ்ஸில் போய் வந்தவர். அந்த வருடம் ஆனி மாதத்தில் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து, மதுரையில் ஆபரேஷன் ஆகியிருந்தது. எலும்பு கூடிவிட்டது, நடை மட்டும் இன்னும் கூடவில்லை.

"எப்ப காய்க்கும்?" என்று கேட்டார்.

"ரெண்டு மாசத்துலம்மா."

"தேதி சொல்லுங்க."

"செடி விசயம். தேதி எல்லாம் சொல்ல ஏலாதும்மா."

"சொல்ல ஏலாதுன்னா ரெண்டு மாசம்னு எதுக்குச் சொன்னீக?"

நான் தொட்டிகளை அடுக்கினேன்.

இருபது நாள் கழித்துப் போய்ப் பார்த்தபோது செடிகள் வெற்றிலைக் கொடிக்கால் மாதிரி இருந்தன. இலை கரும்பச்சையாக, உள்ளங்கை அகலத்துக்கு விரிந்திருந்தது. பக்கத்துக்கு நாலு கொடி ஓடியிருந்தது. பூ மட்டும் இல்லை. பார்க்க ரொம்ப அழகாக இருந்தது. நம் தொழிலில் பயப்பட வேண்டிய அழகு இது.

"உரம் ஏதும் போட்டீகளா அண்ணாச்சி?"

"இல்ல."

"போட்டாக" என்றார் எஸ்தரம்மா, நாற்காலியிலிருந்து. "கான்சாபுரத்து வயலுக்கு வாங்குன யூரியா மிச்சம் இருந்துச்சு. ரெண்டு தடவ போட்டாக. வேலைக்கு வர்ற பொண்ணு சாட்சி."

அண்ணாச்சி மேற்கே மலையைப் பார்த்தார்.

யூரியா போட்டால் இலைதான் வரும். அதைக் கழுவிவிடத் தொட்டி நிறையத் தண்ணீர் ஊற்றி வடியவிட்டேன். ஓடிய கொடிகளை எல்லாம் வெட்டினேன். கொடி ஓடினால் செடி பிள்ளைச்செடி பெறுவதிலேயே தன் பலத்தைச் செலவழித்துவிடும். அடுத்த தடவை போனபோது பத்துப் பன்னிரண்டு பூ வந்திருந்தது. அவற்றையும் கிள்ளிப் போட்டேன்.

எஸ்தரம்மா தடியை ஊன்றி எழுந்துவிட்டார்.

"காய்க்க வைக்கிற ஆளு பூவையே பறிக்கீகளே."

"மொதப் பூவை விட்டா செடி வளராம அதோட நின்னுக்கிடும்மா. நாலு பழத்தோட முடிஞ்சிரும். இப்பக் கிள்ளுனா பொறவு கூடுதலாப் பூக்கும்."

"அத எழுதிக் குடுங்க."

எழுதி, கையெழுத்துப் போட்டு, தேதியும் போட்டுக் கொடுத்தேன். மடித்து ஒரு பைக்குள் வைத்துக்கொண்டார். பையில் வேறு காகிதங்களும் இருந்தன. எல்லாம் நான் சொன்னவையாகத்தான் இருக்க வேண்டும்.

நான் எழுதிக் கொடுத்தபடியே கார்த்திகை தொடக்கத்தில் பூ அள்ளிக்கொண்டு வந்தது. முதலில் பழுத்த மூன்று பழத்தையும் அணில் தின்றது. மூடிவையுங்கள் அண்ணாச்சி என்று சொல்லிவிட்டு வந்தேன். எதை வைத்து மூடுவது என்று சொல்லவில்லை. அடுத்த வாரம் போய்ப் பார்த்தபோது, நாலு பக்கமும் கம்பு நட்டு, இருபத்துநாலு தொட்டியையும் தன் தறியில் நெய்த பேண்டேஜ் துணியால் மூடியிருந்தார். மாடி பெரியாஸ்பத்திரி வார்டு மாதிரி இருந்தது. கச்சிதமான வேலை. ஒரு எறும்பு நுழைய வழியில்லை. "நல்லா இருக்கு அண்ணாச்சி" என்றேன். அணில் வராது என்பதை மட்டும்தான் நான் யோசித்தேன்.

கிறிஸ்மஸ் போனது. பழம் வந்தது, ஆனால் அதைப் பழம் என்று சொல்ல முடியாது. சட்டைப் பொத்தான் அளவில், ஒரு பக்கம் வீங்கி மறுபக்கம் ஒட்டி, யாரோ கிள்ளிவிட்ட மாதிரி இருந்தது. தண்ணீர் கூடிவிட்டது என்றேன். அடுத்த வாரம் தண்ணீர் குறைந்துவிட்டது என்றேன். அதற்கடுத்த வாரம் போரான் சத்துக் குறைவு என்று முடிவு செய்து போரான் கரைத்துத் தெளித்தேன். கை கொஞ்சம் தாராளமாகப் போய்விட்டது.

"மூணு வாரத்துல மூணு காரணம் சொல்லியிருக்கீக" என்றார் எஸ்தரம்மா. "எது நெசம்?"

அந்தக் கேள்விக்குத் தெரியவில்லை என்று பதில் சொல்ல வேண்டும். உங்களுக்கும் ஒருநாள் இந்தக் கேள்வி வரும். அப்போது தெரியவில்லை என்று சொல்லுங்கள். நான் சொல்லவில்லை. "மூணும் சேந்துதாம்மா" என்றேன்.

அந்தப் பொத்தான் பழத்தில் ஒன்றைச் சட்டைப் பையில் போட்டு நர்சரிக்குக் கொண்டுவந்தேன். அங்கே நாற்றுப் பகுதியில் ஒரு பெண் வேலை பார்த்தாள். தளவாய்புரத்துக்காரி. என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவள். எனக்கு இந்தத் தொழிலில் குரு என்று ஒருவரைச் சொல்ல வேண்டுமானால் அவளைத்தான் சொல்வேன். பெயர் போடக் கூடாது என்று சொல்லிவிட்டாள். நம்மிடம் வருவதற்கு முன் விதைப் பருத்திக் காட்டில் ஒட்டு வேலை பார்த்தவள். ஒரு பூவின் மகரந்தத்தை எடுத்து இன்னொரு பூவில் தொட்டுவைக்கிற வேலை. காலையில் ஆரம்பித்தால் உச்சிக்குள் ஆயிரம் பூவைத் தொட வேண்டும்.

பழத்தை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.

"இங்க பாருங்கண்ணே. வெத பிடிச்ச எடம் உப்பியிருக்கு. பிடிக்காத எடம் ஒட்டிப்போய்க் கெடக்கு. பூ மேல தூளு சரியா விழல. தேனீ போகலையா?"

"மூடி வச்சிருக்கு."

"எத வச்சு?"

"பேண்டேஜ் துணி."

அவள் சிரிக்கவில்லை. திரும்பிக்கொண்டு நாற்றுக்குச் செத்த நேரம் தண்ணீர் தெளித்தாள்.

மறுநாள் காலையில் அவளையும் கூட்டிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனேன். துணி மூட்டத்தைப் பிரித்தோம். படம் வரைகிற மெல்லிய பிரஷ் ஒன்றை எஸ்தரம்மா கையில் கொடுத்து, விரிந்த பூவின் நடுவில் வட்டமாக எப்படித் தடவ வேண்டும் என்று அவள் காட்டிக் கொடுத்தாள். ஒவ்வொரு பூவையும் பனி காய்ந்த பிறகு, வெயில் ஏறுவதற்குள் தொட வேண்டும். காய் பிடித்த பிறகு ஒவ்வொரு காயையும் பேண்டேஜ் துணியில் தைத்த சின்னப் பைக்குள் விட்டுக் கட்டினால் போதும், அணில் தொடாது. பத்து நாளில் செடிகளில் கட்டுப்போட்ட விரல்கள் தொங்க ஆரம்பித்தன.

இதோடு நான் நிறுத்தியிருக்கலாம்.

பிரஷ் கொடுத்த அதே வாரத்தில் இலைகளின் ஓரம் கருகியிருப்பதைப் பார்த்தேன். மொட்டை மாடி, தளத்தின் சூடு, மலையிலிருந்து வருகிற வறண்ட காற்று. இந்த இடம் ஆகாது என்று தீர்மானித்தேன். வீட்டின் கிழக்குப் பக்கம் கிணற்றடியில் நல்ல இடம் இருந்தது. பதினோரு மணி வரை வெயில், பிறகு நிழல். கை எட்டும் தூரத்தில் தண்ணீர். பாடப்புத்தகத்தில் படம் போடலாம் போல இருந்தது.

அண்ணாச்சி தறிக்கூடத்துக்குப் போயிருந்தார். எஸ்தரம்மா கீழே கூடத்தில் இருந்தார்.

"தொட்டியெல்லாம் கீழ எறக்கிரட்டுமாம்மா? கெணத்தடியில வச்சா நல்லா காய்க்கும்."

அவர் மாடிப்படியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"உங்களுக்கு எது சரின்னு படுதோ அப்படிச் செய்ங்க."

"அண்ணாச்சிகிட்ட கேக்கலையே" என்றாள் என்னோடு வந்திருந்த நாற்றுப் பகுதிப் பெண்.

"அம்மாகிட்ட கேட்டாச்சுல்ல" என்றேன்.

இரண்டு பேருமாக உச்சிக்குள் இருபத்துநாலு தொட்டியையும் இறக்கிவிட்டோம். எனக்கு அன்று முதுகு பிடித்துக்கொண்டது. ஆனாலும் மனசுக்கு நிறைவாக இருந்தது.

பன்னிரண்டு நாள் கழித்துப் போனால், பைகளுக்குள் காய்கள் கூம்பு கூம்பாக, ஒரு பள்ளம் இல்லாமல் இருந்தன. எஸ்தரம்மா கூடத்துச் சன்னல் பக்கம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். பிரஷ் வேலையை வேலைக்காரப் பெண்ணிடம் கொடுத்துவிட்டாராம். இடம் மாற்றியதால்தான் இந்தக் காய்ப்பு என்று நான் அவரிடம் விளக்கினேன். முதலாளியிடமும் விளக்கினேன். நான் எடுத்த போட்டோவை அவர் வாட்ஸப்பில் நூறு பேருக்கு அனுப்பினார்.

அதற்கு அடுத்த நாள் அண்ணாச்சி என்னைத் தறிக்கூடத்துக்கு வரச் சொன்னார். நன்றி சொல்லக் கூப்பிடுகிறார் என்று நினைத்துச் சட்டையை மாற்றிக்கொண்டு போனேன். உள்ளே பேச முடியாது என்று வெளியே நூல் மூட்டைகள் அடுக்கிய தாழ்வாரத்துக்குக் கூட்டிப்போனார்.

"செடி நல்லாருக்கு தம்பி" என்றார்.

"ஆமா அண்ணாச்சி. எடம் மாத்துனதுதான்."

"எங்க வீட்டம்மா மாடிப்படி ஏறி இன்னியோட பதிமூணு நாளாச்சு."

எனக்கு முதலில் புரியவில்லை.

"எக்சர்சைஸ் சொல்லிக்குடுக்க ஒரு தம்பி வருதான். தெனமும் மாடிப்படி ஏறி எறங்கணும், இல்லாட்டி கால் இறுகிப்போகும்னு சொன்னான். இவ ஏற மாட்டேன்னுட்டா. பயம். விழுந்த பயம். அதச் சொல்ல மாட்டா. 'மேல என்ன இருக்கு, நான் எதுக்கு ஏறணும்'னு கேட்டா. மேல ஏதாச்சும் இருக்கட்டும்னுதான் இருபத்துநாலு தொட்டி வாங்குனேன். தெனம் பதினேழு படி ஏறி வந்தா. காய்க்காட்டியும் பரவாயில்லன்னு இருந்தேன்."

தறி ஓடிக்கொண்டிருந்தது.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அண்ணாச்சி."

"நீங்க கேக்கலையே."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். நேற்று அந்தப் பயிற்சித் தம்பி வந்து காலை மடக்கிப் பார்த்ததாகவும், முன்பு மடங்கிய அளவுக்கு மடங்கவில்லை என்றும், வெயில் காலம் வரை இப்படியே உட்கார்ந்துவிட்டால் பிறகு எழுப்புவது கஷ்டம் என்று சொல்லிவிட்டுப் போனதாகவும் சொன்னார். சொல்லும்போது நூல் மூட்டையின் சணலைப் பிரித்துக்கொண்டே இருந்தார்.

"தொட்டிய மேல ஏத்திருங்க தம்பி. அவ கேட்டா, கீழ பாம்பு நடமாட்டம் இருக்குன்னு சொல்லுங்க. இல்ல, செடிக்கு மேக்காத்து வேணும்னு ஏதாவது சொல்லுங்க. நான் சொன்னா நம்ப மாட்டா. நீங்க சொன்னா நம்புவா."

நாளைக்கு வாரேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

முதலாளியிடம் சொன்னேன். "சொல்லிரும்வே. நல்லதுக்குத்தான. ஒரு பொய்ல என்ன ஆயிரும்" என்றார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. மேல்காற்று, வேர்ச்சூடு, வெளிச்சக் கோணம் என்று நல்ல காரணங்களாக நாலு யோசித்தும் வைத்தேன். பிறகு நாற்றுப் பகுதிக்குப் போய் அவளிடம் சொன்னேன்.

அவள் கையை நிறுத்தவில்லை. "சொல்லலாம்ண்ணே. ஆனா நாளைக்கு எலையில புள்ளி வந்து நீங்க ஒரு மருந்து சொல்லுவீக. அப்ப அவிய உங்கள நம்பணும்ல."

கொஞ்ச நேரம் கழித்து, "அன்னைக்கு நீங்க கேட்டப்ப அவிய மாடிப்படியப் பாத்தாக. நான் பாத்தேன். நீங்க பாக்கல" என்றாள்.

மறுநாள் காலை எட்டரை மணிக்குப் போனேன். எஸ்தரம்மா சன்னல் பக்கம் உட்கார்ந்து கிணற்றடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். யோசித்துவைத்த நாலு காரணமும் நாக்கு நுனியில் இருந்தன. அவர் முகத்தைப் பார்த்ததும் நாலும் ஒன்றுக்கும் ஆகாது என்று தெரிந்துவிட்டது. முப்பது வருடம் பொய்ச் சாட்சி கேட்ட முகம்.

"அம்மா, தொட்டியெல்லாம் மேல ஏத்தணும்."

"நல்லா காய்க்கிற செடிய எதுக்கு மாத்தணும்?"

"நீங்க படி ஏறணும்னுதான் அண்ணாச்சி அதையெல்லாம் மாடியில வச்சாக. எனக்குத் தெரியாது. தெரியாம எறக்கிட்டேன்."

வேலைக்காரப் பெண் பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது. நான் வாசலைப் பார்த்தேன்.

"அவியளுக்கு எங்கிட்டச் சொல்ல ஏலல" என்றார் கடைசியில். "உங்கள விட்டுச் சொல்லச் சொன்னாகளா?"

"இல்லம்மா. பாம்பு இருக்குன்னு சொல்லச் சொன்னாக."

அவர் வாயோரம் லேசாக அசைந்தது. சிரிப்பா என்று நிச்சயமாகச் சொல்ல மாட்டேன்.

"இருபத்துநாலு தொட்டிய ஒரு மனுசன் எதுக்கு மாடியில கொண்டுபோய் வைப்பாருன்னு எனக்குத் தெரியாதா தம்பி? மொத நாளே தெரியும். அவியளும் சொல்லல, நானும் கேக்கல. ஏறுனேன். ஒவ்வொரு நாளும் பயந்துக்கிட்டுதான் ஏறுனேன். நீங்க வந்து கீழ எறக்கட்டுமான்னு கேட்டீக. நானா வேண்டாம்னு சொல்லல, நிபுணர் சொல்லிட்டாருன்னு இருந்துக்கிடலாம்ல. அதான் சரின்னேன். தப்பு உங்க பேர்ல போகட்டும்னு விட்டுட்டேன்."

"பரவாயில்லம்மா" என்றேன். எதற்குச் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

அவர் தன் பையை எடுத்து ஒரு வெள்ளைத்தாளும் பேனாவும் எடுத்தார். "கீழ வச்சதாலதான் காய்ச்சுதுன்னு சொல்லுதீக. எனக்கு அதுல சந்தேகம் இருக்கு. துணியப் பிரிச்சது, பிரஷ் பிடிச்சது, எடம் மாத்துனது எல்லாம் ஒரே வாரத்துல நடந்திருக்கு. எதால காய்ச்சுதுன்னு எப்படித் தெரியும்? பன்னெண்டு தொட்டி மேல போகட்டும். பன்னெண்டு கீழ இருக்கட்டும். தண்ணி, உரம் எல்லாம் ஒண்ணுபோல. கீழ அந்தப் பொண்ணு பிரஷ் பிடிக்கட்டும். மேல நான் பிடிக்கேன். மாசி முடிய எண்ணிப் பாப்போம்."

இருபத்தாறு வருடம் இந்தத் தொழிலில் இருந்த எனக்கு அது தோன்றவில்லை. நீங்கள் ஒரு வீட்டில் ஒரே வாரத்தில் மூன்று மாற்றம் செய்து, செடி தேறிவிட்டால், உங்களுக்குப் பிடித்த காரணத்தைத்தான் அதற்குக் காரணம் என்று நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

நான் முதல் தொட்டியைத் தூக்கினேன். எஸ்தரம்மா தடியை ஊன்றி எழுந்து படிக்கு வந்தார். ஒரு கை சுவரில். நாலு படி ஏறினார். நின்றுவிட்டார். நெற்றியெல்லாம் வேர்த்துவிட்டது. வலி இல்லை அது. நான் தொட்டியை வைத்துவிட்டுக் கையைப் பிடிக்கப் போனேன்.

"தம்பி, நீங்க உங்க வேலயப் பாருங்க. என்னையப் பாக்காதீக."

பார்க்கவில்லை. பன்னிரண்டு தொட்டி. ஒவ்வொரு முறையும் அவரைத் தாண்டி மேலே போனேன், அவரைத் தாண்டிக் கீழே வந்தேன். ஆறாவது படியில் இருந்தார். திரும்பி வந்தபோதும் ஆறாவது படியிலேயே இருந்தார். எட்டாவது படியில் அரைமணி நேரம் போல நின்றார். வாய்க்குள் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். ஜெபமா, கால்களைத் திட்டினாரா தெரியாது. படி திரும்புகிற இடத்தில் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். நான் வேண்டுமென்றே மெதுவாகத்தான் தூக்கினேன். ஒரு ஆள் பக்கத்தில் போய்வந்துகொண்டிருந்தால் போதும் என்று நினைத்தேன். அன்று நான் செய்ததில் சரியாகச் செய்தது அது ஒன்றுதான்.

பன்னிரண்டாவது தொட்டியை வைத்துவிட்டு நிமிர்ந்தபோது வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு எஸ்தரம்மா மாடியில் நின்றார். மூச்சு வாங்கியது.

"பிரஷ் எங்க?" என்றார்.

மாசி முடிந்தபோது எண்ணிக்கைத் தாளை என்னிடம் கொடுத்தார். மேலே இருந்த தொட்டிகள் கீழே இருந்தவற்றை எங்கேயோ தாண்டிப் போயிருந்தன. பனிக்காலத்தில் ஸ்ட்ராபெரிக்கு நாள் முழுக்க வெயில் வேண்டும். கிணற்றடியில் கிடைத்த அரைநாள் வெயில் அதற்குப் போதவில்லை. இலை ஓரம் கருகியதற்கு வெயில் காரணமே இல்லை, நான் கை தாராளமாகத் தெளித்த போரான்தான் காரணம். அதை அப்போதுதான் யோசித்துப் புரிந்துகொண்டேன். அவரிடமும் சொன்னேன்.

"தீர்ப்பு உங்களுக்கு எதிராப் போயிருச்சு தம்பி" என்றார். ஒரு கிண்ணத்தில் பழம் கொடுத்தார். புளிப்பாக இருந்தது. சீனி தொட்டுச் சாப்பிட்டேன். அண்ணாச்சி பக்கத்தில் நின்று நான் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். போகும்போது என் மொபெட்டின் பின்னால் ஒரு கட்டு பேண்டேஜ் துணி கட்டியிருந்தது. ஐந்து வருடத்துக்கு எங்கள் வீட்டில் யாருக்கும் வெட்டுக்காயம் பற்றிக் கவலை இல்லை.

பங்குனியில் வெயில் ஏறியது. நிழல்வலை போட்டோம். தொட்டிகளுக்குச் சுண்ணாம்பு அடித்தோம். எஸ்தரம்மா காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை ஏறித் தண்ணீர் ஊற்றினார். சித்திரை பாதியில் இலை ஒவ்வொன்றாகச் சுருண்டது. மாதம் முடிவதற்குள் மேலும் கீழும் ஒன்று மிச்சமில்லாமல் போய்விட்டது. நம் ஊரில் அது ஒரு பருவத்துச் செடி. இது எனக்கு முதல் நாளே தெரியும். விற்கும்போது சொல்லவில்லை, பிறகு சொல்ல நல்ல நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்படி ஒரு நேரம் வரவில்லை.

செடி செத்த பிறகு நான் அந்த வீட்டுக்குப் போகவில்லை. மாடியில் இப்போது ஒன்றும் இல்லை, அவர் எதற்கு ஏறப்போகிறார் என்ற நினைப்பு இருந்தது. இரண்டு தடவை அந்தத் தெரு முனை வரை போய் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தேன். வயது ஐம்பத்தேழு எனக்கு அப்போது.

வைகாசியில் ஒரு காலை, பதினோரு மணி இருக்கும். நர்சரி வாசலில் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வருகிற பஸ் நின்றது. நம் வாசலில் அது சாதாரணமாக நிற்காது. கண்டக்டர் விசில் ஊதாமல் காத்துக்கொண்டிருந்தார். முன்படியில் முதலில் ஒரு கைத்தடி இறங்கியது, பிறகு ஒரு கால், பிறகு எஸ்தரம்மா. பஸ் படி எவ்வளவு உயரம் என்று உங்களுக்குத் தெரியும். வேறு யாரும் இறங்கவில்லை. பஸ் போய்விட்டது.

சரளைப் பாதையில் மெதுவாக நடந்து வந்தார். நான் கையில் மண்ணோடு அப்படியே நின்றேன்.

"மொதலாளி இருக்காரா?"

"இருக்காரும்மா. என்ன தனியா வந்திருக்கீக? அண்ணாச்சி எங்க?"

"அவியளுக்குத் தறி வேல. நான் புகார் குடுக்க வந்திருக்கேன்."

பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். இரண்டு பக்கம். பத்தி பத்தியாக எண் போட்டு எழுதியிருந்தது. இந்த ஊர் வெயிலில் பிழைக்காத செடி என்பதைத் தெரிந்துகொண்டே சொல்லாமல் விற்றது. செடி போன பிறகு ஒரு தடவைகூட எட்டிப் பார்க்காதது. வெயில் காலத்துக்கு மாடியில் வேறு என்ன வைக்கலாம் என்று இதுவரை யோசனை சொல்லாதது. எல்லாமே உண்மை. நான் கடைசிவரை படித்துவிட்டு, பெற்றுக்கொண்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். தேதி போடச் சொன்னார். போட்டேன்.

"கத்தரி நிக்கும்மா" என்றேன். "வெண்டை நிக்கும். சாயங்காலமே கொண்டுவந்து மாடியில வச்சிருதேன்."

"எத்தன தொட்டி?"

"இருபத்துநாலு."

அவர் தலையாட்டினார். நாற்றுப் பகுதியிலிருந்து அவள் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்து போட்டாள். "உக்காருங்கம்மா. வெயில்ல வந்திருக்கீக."

"இருக்கட்டும்மா" என்றார் எஸ்தரம்மா. "காலையிலயே ஸ்ரீவில்லிபுத்தூர் போய் கோர்ட்டு ஆபீஸுல எல்லாரையும் பாத்துட்டு வாரேன். பஸ்ஸுல சரியான கூட்டம். அங்கேருந்து இங்க வரைக்கும் நின்னுக்கிட்டுத்தான் வந்தேன்."